நாற்காலி ரூமில் காடு வளர்த்த கதை

ஊரில் எத்தனையோ தொழில் இருக்கிறது, பார்த்தவர்கள் "நல்லாருக்குது" என்று சொன்ன கையோடு "சரி, இத வெச்சி என்னா பண்றது?" என்றும் கேட்கிற தொழில் எங்களுடையது ஒன்றுதான்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறேன் என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஜாடி செய்தால் ஊறுகாய் போடலாம். அகல் செய்தால் விளக்கேற்றலாம். பொம்மை செய்தால் ஷோகேஸில் வைத்து மாசத்துக்கு ஒரு தடவை தூசி தட்டலாம். நானும் பதினோரு வருஷம் தொழிற்பேட்டையில் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் எழுதினேன். ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பலகை பலகையாக அத்தனை கண்ணும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. போதும்டா சாமி என்று பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வந்து என்ன செய்தேன் என்றால், காடு. ஒரு ரூம் முழுக்கக் காடு. பீங்கானில் இலையும் பூவும், கரும்புச் சக்கையில் கொப்பும் கிளையும், அதற்கு மேல் சாக்கு, கிழிந்த பட்டுச் சேலை, கம்பி, குட்டி குட்டி லைட்டு, மூலையில் ஸ்பீக்கர் வைத்துத் தவளைச் சத்தம். பாதி நிஜத்தில் பார்த்தது, பாதி என் மண்டைக்குள்ளேயே முளைத்தது. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினால் வெளியே ஊர் இருப்பதே மறந்துபோக வேண்டும், அதுதான் வேலை. இந்த மாதிரி ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டு, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் விளக்கம் சொல்லி வாய் வலித்துப் போனவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கிட்ட வாருங்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் தொழில்

மகளைப் பதினோராம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். ஃபாரத்தில் அப்பா தொழில் என்ற இடத்தில் என் வீட்டுக்காரர் பெயருக்கு நேராக டிரைவர் என்று எழுதியாகிவிட்டது. அம்மா தொழில் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கிளார்க் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். நானும் பொறுமையாக ஆரம்பித்தேன். ரூமுக்குள் காடு செய்வேன் என்றேன். பிளாஸ்டிக் செடி வியாபாரமா என்றார். இல்லை என்றேன். கல்யாண ஸ்டேஜ் அலங்காரமா என்றார். அதுவும் இல்லை என்றேன். மண்ணும் துணியும் வெளிச்சமும் சத்தமும் சேர்த்து, இயற்கையைப் பார்த்து, கொஞ்சம் கற்பனையும் கலந்து என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் கேள்வித்தாள் கையில் வாங்கிய பிள்ளை மாதிரி ஆகிக்கொண்டே போனது.

பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், இல்லத்தரசி என்று எழுதிக்கோங்க சார் என்று அவளே முந்திக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த ரூமுக்குள் ஜனங்கள் போவார்கள், நடப்பார்கள், சந்தோஷமாக வெளியே வருவார்கள், அதுதான் என் தொழில், அப்படியே எழுதுங்க என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நிஜமாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் கேட்டார்.

"உள்ள போயி, கொஞ்ச நேரம் இருந்து, சந்தோஷமா வெளிய வர்றதுக்கு ஒரு ரூமா? எங்க வூட்ல அதுக்கு பாத்ரூம் இருக்குதுங்களே மேடம்."

முதுகுக்குப் பின்னால் நிற்பவர்கள்

இப்படி இருந்த என்னைத் தேடி தணிகாசலம் ஐயா வந்தார். பெண்ணாடம் ரோட்டில் புதுசாகக் கல்யாண மண்டபம் கட்டியவர். ஒரு ஜவுளிக்கடை ஜன்னலில் நான் செய்து வைத்திருந்த முழ அகலக் காட்டைப் பார்த்திருக்கிறார். கலை, அழகு என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியது முழுக்கப் பந்தியைப் பற்றி.

நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும். நாம் இலையில் உட்கார்ந்து சாம்பாரைப் பிசையும்போதே அடுத்த பந்திக்கு ஆள் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரசம் வாங்கினால் அவர் ஒரு மூச்சு விடுவார். இன்னொரு கரண்டி சோறு கேட்டால் திரும்பி அவர் வீட்டு அம்மாவைப் பார்ப்பார். மோருக்கு வரும்போது அவர் பிள்ளையின் கை நம் தோள்மேல் இருக்கும். தணிகாசலம் ஐயா இதை ஒழிக்க பெரிய டைனிங் ஹால் கட்டினார், ஒழியவில்லை. செக்யூரிட்டி போட்டார், செக்யூரிட்டியும் போய் ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

மண்டபத்துக்கும் டைனிங் ஹாலுக்கும் நடுவில் நீளமாக ஒரு ரூம் இருந்தது. நாற்பதடி நீளம், பத்தடி அகலம், இந்தக் கோடியில் ஒரு கதவு, அந்தக் கோடியில் ஒரு கதவு. உபரி நாற்காலிகளை அடுக்கி வைக்கிற இடம். நாற்காலியெல்லாம் மாடிக்கு ஏற்றிவிடுகிறேன், நீ அதில் காடு செய், பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம் அதற்குள் போய் நிற்கட்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பதடிக் காடு. என் கூட்டாளி சகாயமேரி, துணி வேலையும் லைட்டு வேலையும் அவள்தான், அங்கேயே என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தாள். ஆனால் ஐயா ஒரு நிபந்தனை வைத்தார். வைகாசியில் வருகிற முதல் முகூர்த்தத்தன்று கூட்டம் காட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையில் காடு வெளியே, நாற்காலி உள்ளே. எனக்கு அதற்குப் பிறகு போக்கிடம் பொம்மைக் கண்தான், அங்கே என் ஸ்டூல் இன்னும் காலியாக இருப்பதாகச் சூப்பர்வைசர் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஐயா கிளம்பும்போது விளக்கமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

"காடு நல்லாருக்குதா இல்லையான்னு எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. நான் நாற்காலியத்தான் பாப்பேன். நாற்காலிக்குப் பின்னால ஆளு நின்னா உன் காடு பெயிலு."

வேப்பமரத்துக்குப் போட்ட பற்று

பட்டையின் சொரசொரப்பு வேண்டுமென்றால் மரத்தின் மேலேயே ஈர மண்ணை அப்பி எடுப்பது என் வழக்கம். சப்பாத்தி மாவு மாதிரி மண்ணைத் தட்டி, மரத்தில் அழுத்தி, அரைமணி விட்டால் கொஞ்சம் இறுகும். உரித்து எடுத்துப் போய் அதிலிருந்து அச்சு எடுத்துக்கொள்ளலாம். மரத்துக்கும் சேதமில்லை. நல்லூர் போகிற வழியில் ஒரு வேப்பமரம், இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு, பட்டை அப்படி ஒரு அழகு. நானும் மேரியும் பஸ்ஸில் மண்ணைத் தூக்கிக்கொண்டு போய் அப்பினோம். இறுகட்டும் என்று எதிரே டீ குடிக்கப் போனோம். டீ குடித்தோம், வடை தின்றோம், மேரிக்கு ஒரு போன் வந்தது, அதையும் பேசி முடித்துவிட்டு வந்தோம்.

வந்து பார்த்தால் எங்கள் மண்ணின் மேல் மஞ்சள், அதன் நடுவில் குங்குமம், கீழே ஒரு எலுமிச்சம்பழம். ஒரு அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். வேப்பமரத்தில் திடீரென்று முகம் மாதிரி ஒன்று தெரிந்தால் யாருக்குத்தான் கைகூப்பத் தோன்றாது. நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம், மேரி வழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த அம்மா கண் திறந்ததும், இது எங்கள் மண்ணுங்க, வேலைக்கு எடுத்தோம், இப்போது உரித்து எடுத்துப் போக வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அடி விழும் என்றே நினைத்தேன். அவர் மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க, பரவால்ல. ஆனா நான் பொண்ணு கல்யாணத்துக்கு வேண்டிக்கிட்டேன். இனிமே அது உங்க பொறுப்பு, பாத்து முடிச்சிக் குடுங்க."

மோட்டார் வைக்காத எறும்பு

கரும்புச் சக்கையைப் பெண்ணாடம் பக்கத்திலிருந்து ஒரு டிராக்டர்காரர் கொண்டுவந்து கொட்டினார். அதை ஊறவைத்துப் பிசின் கலந்து கம்பியின் மேல் அப்பினால், காய்ந்த பிறகு கிளை மாதிரியே முறுக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்னால் சக்கையின் இனிப்பு போக, சுண்ணாம்புத் தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். நாங்கள் இருந்த சந்தோஷத்தில் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டோம். நாலாம் நாள் காலையில் மண்டபத்துக் கதவைத் திறந்தால், விருத்தாசலத்தில் உள்ள அத்தனை எறும்பும் எங்கள் காட்டில் குடியேறியிருந்தது. மேல் கிளையிலிருந்து ஒரு வரிசை கீழே வருகிறது, கீழிருந்து ஒரு வரிசை மேலே போகிறது, நடுவில் இரண்டும் நின்று நலம் விசாரிக்கிறது.

மருந்து அடிக்கலாம் என்று நான் ஓடும்போதே தணிகாசலம் ஐயாவின் வீட்டு அம்மா சொந்தக்காரர்கள் நாலு பேரோடு காட்டைப் பார்க்க வந்துவிட்டார். அவர் கிளைக்குப் பக்கத்தில் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை குனிந்தார். போச்சு, நாற்காலி இன்றைக்கே இறங்கிவிடும் என்று நினைத்தேன். அவரோ நிமிர்ந்து சொந்தக்காரர்கள் பக்கம் பெருமையாகத் திரும்பி, காலு கூட தனித்தனியா ஆடுது பாருங்க என்றார். மோட்டார் எங்கே இருக்கிறது என்று மேரியிடம் கேட்டார். மேரி ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. உள்ளே இருக்குதுங்க, வெளியே தெரியாது என்று சொல்லிவிட்டாள். நான் சாக்குக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த அம்மா கிளம்பும்போது வாசலில் நின்று ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"கரண்டு போனா இது அப்படியே நின்னுடுமா, இல்ல இன்வெர்ட்டர்ல ஓடுமா?"

காட்டு வழியாகப் போகும் பஸ்

சத்தம் மேரியின் பொறுப்பு. மழை பெய்த மறுநாள் மணிமுத்தாற்றுக் கரையில் போனை நீட்டிக்கொண்டு தவளையைப் பிடித்தாள். வெலிங்டன் ஏரிக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கொக்கு, நாரை, பெயர் தெரியாத ஒரு குருவி எல்லாம் பிடித்தாள். பிடித்த குஷியில் ரெக்கார்டரை நிறுத்தாமலேயே போனைப் பையில் போட்டுக்கொண்டு திட்டக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் அவள் தம்பி கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போய்விட்டான்.

முதல் தடவை போட்டுக் கேட்க, சூளை வைத்திருக்கும் முனுசாமி அண்ணனை அழைத்திருந்தோம். என் இலைகளெல்லாம் அவர் சூளையில்தான் வேகிறது. லைட்டை அணைத்தோம். குட்டி விளக்குகள் மட்டும் மினுக்மினுக்கென்று எரிந்தது. தவளை கத்தியது. குருவி கூவியது. எங்கோ தண்ணீர் சலசலத்தது. அண்ணன் முகத்தைப் பார்த்தேன், சொக்கிப் போயிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து நடுக்காட்டிலிருந்து ஒரு கண்டக்டர், பெண்ணாடம் விருத்தாசலம் ஏறு ஏறு, உள்ள போங்க, படியில நிக்காத என்று கத்தினார். ஹாரன் அடித்தது. திரும்பவும் தவளை கத்தியது. மேரி ஸ்பீக்கரைப் போய்க் கட்டிப்பிடித்து மறைக்கப் பார்த்தாள். அதை வெட்டி எடுக்க அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முனுசாமி அண்ணன் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பஸ்ஸு வசதி வரைக்கும் வெச்சிட்டியா மலரு? அப்ப கண்டிப்பா கூட்டம் வரும்."

மூன்று பேரும் போட்ட ஒரே கணக்கு

இனி வருவதுதான் விஷயம். பீங்கான் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு, வெந்தால் சுருங்கும். எட்டு அங்குலத்துக்குச் செய்தால் சூளையிலிருந்து ஏழாகத்தான் வெளியே வரும். அதனால் வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததுதான் வினை.

நான் படம் வரையும்போதே சுருங்குவதற்காகக் கூட்டி வரைந்தேன். படத்தைப் பார்த்து அட்டை வெட்டியது மேரி. நான் ஞாபக மறதிக்காரி, கூட்டியிருக்க மாட்டேன் என்று அவளாக நினைத்துக்கொண்டு அவள் ஒரு பங்கு கூட்டி வெட்டினாள். சொன்னால் எனக்கு ரோஷம் வரும் என்று சொல்லவில்லை. அட்டையைப் பார்த்து அச்சு செய்தது முனுசாமி அண்ணன். பெண்கள் இரண்டு பேரும் புதுசு, அனுபவம் போதாது என்று அவர் பரிதாபப்பட்டு, அவர் பங்குக்கு ஒரு தடவை கூட்டினார். அவரும் சொல்லவில்லை. நல்ல மனசில் மூன்று பேர். மண் ஒரு தடவைதான் சுருங்கியது.

சூளை பிரித்த அன்று இலைகளெல்லாம் கொஞ்சம் பெரிசாகத் தெரிகிறதே என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. பூரிப்பில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். அட்டை அடையாளத்தை வைத்து ஒன்றோடு ஒன்று பூட்டுகிற மாதிரி செய்தவை, எல்லாம் சேர்ந்து வளர்ந்திருந்ததால் அதுவும் சரியாகவே பூட்டிக்கொண்டது. சுவரில் மாட்ட மாட்டத்தான் காடு எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஜனங்கள் நடக்க நாலடி வழி விட்டிருந்தேன். வேலை முடிந்தபோது இரண்டடி இருந்தது. மிகப் பெரிய இலை நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றரை. வேர்களில் சிலது கதவைத் தாண்டி மண்டபத்துக்குள்ளேயே போய்விட்டது. மறுபடி செய்து, காயவைத்து, சுட்டு எடுக்க நாள் இல்லை, கல்யாணத்துக்கு எட்டு நாள். மூன்று பேரும் அந்த இலைக்குக் கீழே உட்கார்ந்து அப்போதுதான் ஒருத்தர் கணக்கை ஒருத்தர் சொன்னோம். எனக்கு அழுகை ஆரம்பித்து, பாதியில் சிரிப்பாக மாறி, நிறுத்த முடியாமல் விக்கல் வந்துவிட்டது. முனுசாமி அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"தப்பு நடந்துபோச்சின்னு சொல்லாத மலரு. மூணு பேரும் சரியாத்தான் செஞ்சிருக்கோம். அதான் பிரச்சனை."

ஒரு ஆள் வழி

தணிகாசலம் ஐயா பார்க்க வந்தார். அவருடைய வயிறு அவருக்கு முன்னால் நடக்கிற வயிறு. பெரிய இலைக்கிட்ட வந்து நின்றார், பக்கவாட்டில் திரும்பினார், மூச்சை உள்ளே இழுத்தார், தாண்டினார். எதிரே வாளியோடு வந்த மேரிக்கு வழியில்லை. இந்த ஒரு வாரத்தில் நானும் மேரியும் ஒரு வித்தை கண்டுபிடித்து வைத்திருந்தோம். எதிரெதிரே வந்துவிட்டால் கையைத் தூக்கி, ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடித்து, அப்படியே ஒரு அரை வட்டம் சுற்ற வேண்டும். அவள் என் பக்கம், நான் அவள் பக்கம் வந்துவிடுவோம். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கட்டிப்பிடித்தோம், அதனாலேயே அந்த வாரம் எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. ஐயாவிடம் இந்த வித்தையைச் சொல்ல முடியுமா. மேரி வாளியோடு வேருக்குள் புகுந்து தவழ்ந்து வெளியே போனாள்.

ஐயா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. கூட்டம் நிற்பதற்கென்று கேட்டேன், ஒரு ஆள் நிற்கவே சிரமமாக இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார். முகூர்த்தம் வரைக்கும் மட்டும் விட்டுவைங்க என்று கெஞ்சினேன். அவர் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வுடுறேம்மா, சொன்ன வார்த்தை. ஆனா மறுநாளைக்கு நாற்காலி எறக்க இப்பவே ஆளு சொல்லி வெச்சிடறேன்."

சம்பந்திகள் சந்தித்த இடம்

முகூர்த்தத்தன்று தாலி கட்டி முடிந்ததும் முதல் பந்தி உட்கார்ந்தது. நான் காட்டு வாசலில் நின்றேன். இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், அடேயப்பா என்றார்கள், போய்விட்டார்கள். ஒரு குழந்தை வேரைத் தடவிவிட்டு ஓடியது. டைனிங் ஹாலில் எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒரு ஆள், சிலதுக்கு இரண்டு ஆள். பொம்மைக் கண்ணெல்லாம் வரிசையாக வந்து நின்றது மனசில்.

அந்த நேரத்தில்தான் சண்டை வந்தது. முதல் பந்தியில் பெண் வீட்டு ஊர்க்காரர்களே உட்கார்ந்துவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கு இடமில்லை. மாப்பிள்ளையின் அப்பா பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி, நல்ல தாட்டியான உடம்பு, இந்த மண்டபத்தில் இனி கை நனைக்க மாட்டேன் என்றுவிட்டார். அதை டைனிங் ஹாலில் நின்றிருந்த பெண்ணின் அப்பா காதில் யாரோ போட்டுவிட்டார்கள். அவர் இவரைவிட தாட்டி. அவர் கேட்டுவிட்டு வருகிறேன் என்று அந்தக் கதவு வழியாக வேகமாக உள்ளே நுழைந்தார். இவர் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று இந்தக் கதவு வழியாக நுழைந்தார். இரண்டு பேருக்கும் குறுக்கு வழி எங்கள் காடுதான். பெரிய இலைக்குக் கீழே வயிறும் வயிறும் முட்டி நின்றார்கள்.

நீங்க பின்னால போங்க என்றார் இவர். நான் ஏன் போறேன், நீங்க போங்க என்றார் அவர். பின்வாங்கினால் கௌரவம் போய்விடும். அதற்குள் சமாதானம் பண்ணுகிறேன் என்று இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள், இனி பின்வாங்க நினைத்தாலும் இடமில்லை. பெண்ணின் அப்பாவுடைய அங்கவஸ்திரம் இலையில் மாட்டிக்கொண்டது. அவர் இழுத்தார். என் உயிர் போய் உயிர் வந்தது. நான் வேருக்குள் புகுந்து தவழ்ந்துபோய் இரண்டு பேர் வேட்டிக்கும் நடுவில் தலையை நீட்டினேன்.

ஐயா, இழுக்காதீங்க, இலை விழுந்தால் இரண்டு பேர் தலையிலும்தான் விழும் என்றேன். பொய்தான், அது முறுக்குக் கம்பியில் கட்டியது, யானை இழுத்தாலும் வராது. இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். கையைத் தூக்குங்க என்றேன், தூக்கினார்கள். கட்டிப் பிடிச்சிக்கோங்க என்றேன். முறைத்தார்கள். வேற வழியில்லைங்க, நாங்க இப்படித்தான் தாண்டுவோம் என்று கீழேயிருந்தே சொன்னேன். பிடித்துக்கொண்டார்கள். சுற்றினார்கள், பாதியில் வயிறு சிக்கியது. மூச்சை இழுங்க என்றேன். இழுத்து இன்னொரு தடவை சுற்றும்போது பெண்ணின் அப்பாவுக்கு இடுப்பில் கூச்சம் போலிருக்கிறது, கிக்கீக்கென்று சிரித்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கினால் பிடித்துக்கொண்டிருக்கிற உடம்பும் குலுங்கத்தானே வேண்டும். இவருக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. பின்னால் நின்றவர்கள், அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் என்று காடு முழுக்கச் சிரிப்பு. சம்பந்தி, நிச்சயதார்த்தத்துல கூட நாம இவ்ளோ கிட்ட வரலியே என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லிக்கொண்டே சுழன்று டைனிங் ஹால் பக்கமாக வெளியே விழுந்தார். விழுந்தவரை அப்படியே பிடித்து இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் இரண்டு கதவிலும் வரிசை. மச்சான்கள் கட்டிப்பிடித்துச் சுற்றினார்கள். நாத்தனாரும் நாத்தனாரும் சுற்றினார்கள். ஏதோ பழைய கோபத்தில் பேசாமலிருந்த அண்ணன் தம்பியை வேண்டுமென்றே எதிரெதிர்க் கதவில் தள்ளிவிட்டார்கள். போட்டோகிராபர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கொண்டுவந்து ஒன்றரை அடியில் நிறுத்தி, அவர்கள் மூன்று தடவை சுற்றியும் சரியாக விழவில்லை என்று நாலாவது தடவை கேட்டார். நானும் மேரியும் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணெல்லாம் தண்ணீர்.

தணிகாசலம் ஐயா என் தோளைத் தட்டி, வா என்று டைனிங் ஹாலுக்குக் கூட்டிப் போனார். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரியவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டாம் தடவை ரசம் கேட்டு, ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். ஹால் முழுக்க ஒரு நாற்காலிக்குப் பின்னாலும் ஆள் இல்லை. ஐயா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நன்றி சொல்ல வாயெடுத்து, அவர் மனசு மாறிவிடுவதற்குள் என்று அவசர அவசரமாக, அடுத்த வாரமே ஒரு வரிசை இலையைக் கழற்றி வழியை நாலடியாக்கிவிடுகிறேன் ஐயா என்றேன். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"வழிய ஒரு அங்குலம் அகலப்படுத்தின, மறுநாளே நாற்காலிய எறக்கிடுவேன், சொல்லிட்டேன்."

இப்போது திட்டக்குடியில் ஒரு மண்டபத்துக்காரர் அச்சு அசலாக அதே மாதிரி சந்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார், தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்தே இன்னொரு தடவை செய்ய மூன்று நாளாக மூன்று பேரும் அளவெடுத்துக்கொண்டிருக்கிறோம், எப்படிப் போட்டாலும் சரியாகவே வந்து தொலைக்கிறது.